35 சென்டிமீட்டர் குடல்

"ஆபரேஷன் சக்சஸ்" என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிற பழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இன்றைக்கு அதைக் கொட்டித் தீர்க்கப் போகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடல் வேலை செய்யாத குழந்தைகளைப் பார்ப்பதுதான் 20 வருஷமாகக் கோயம்புத்தூரில் என் பிழைப்பு. ஊரில் விசேஷத்துக்குப் போனால் "பேதிக்குப் பாக்கற டாக்டருங்களா?" என்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிடுவேன், பாதி உண்மைதானே.

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். பிறந்து 9 நாள். முந்தின நாள் காலையிலிருந்து பச்சையாக வாந்தி. பால் சேரவில்லை என்று நினைத்துத் தொக்கம் எடுத்து, அப்புறம் ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து வாங்கி, எங்களிடம் வந்து சேர்வதற்குள் 30 மணி நேரம் ஓடிவிட்டது. பிறவியிலேயே சரியாக அமையாத குடல் முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, வயிற்றைத் திறந்தால் கன்னங்கரேல் என்று கிடந்தது. (பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அது சூடும் இல்லை, பித்தமும் இல்லை. அந்த நிமிஷமே குழந்தைகள் அறுவை சிகிச்சை இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்புங்கள்.) நிறைமாதக் குழந்தைக்குச் சிறுகுடல் சுமார் 250 சென்டிமீட்டர் இருக்கும். இவனுக்கு மிஞ்சியது 35.

தையல் பிரமாதமாக ஆறியது. சக்சஸ்தான். ஆனால் பால் கொடுத்தால் அப்படியே கீழே போய்விடும், உடம்பில் ஒட்டாது. அதனால் நெஞ்சுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் ஒரு ட்யூப் வைத்து, சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு, உப்பு எல்லாம் நேராக ரத்தத்தில் ஏற்றுகிறோம். டிபிஎன் என்போம். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற டாக்டர் முதலில் நாய்க்குட்டிகளை இப்படியே வளர்த்துக் காட்டி, பிறகு சிறுகுடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கொடுத்தார். இப்படி உயிரைப் பிடித்து வைத்தால், மிச்சமிருக்கிற குடல் மெல்ல நீளும், தடிக்கும், உறிஞ்சக் கற்றுக்கொள்ளும். மாதக்கணக்கிலும் ஆகலாம், வருஷக்கணக்கிலும் ஆகலாம்.

அந்த வருஷங்களுக்கு யார் காசு கொடுப்பது? என்னிடம் வரும் குடும்பங்களில் நான் பார்த்தவரை, வெட்டுகிறதுக்கு இன்சூரன்ஸ் கிடைத்துவிடுகிறது. வீட்டில் தினமும் ஏற்றுகிற டிபிஎன் பைக்குக் கேட்டால் "அது கவர் ஆகாதுங்க". குடல் சரியாவதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று தெரிந்துகொண்டே முதல் மாதத்துக்கு மட்டும் பணம் கொடுப்பது என்ன கணக்கு என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இவன் அப்பா தறி ஓட்டுகிறவர். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர், வேலையை விட்டுவிட்டார். பையை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்பதால் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினார்கள். ஏற்றும்போது பையில் வெளிச்சம் படக்கூடாது என்றேன். அடுத்த தடவை வரும்போது அம்மா கறுப்பு பனியன் துணியில், ஓவர்லாக் அடித்து, நாடா வைத்து ஒரு உறை தைத்துக் கொண்டு வந்திருந்தார். கம்பெனிக்காரன் கொடுக்கிற கவரை விட நன்றாக இருந்தது.

ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு அந்த அம்மாவிடமிருந்து போன். "லைன் போட்டவொடனே நடுங்கறானுங் சார், பகலெல்லாம் நல்லாத்தான் இருந்தான்." ட்யூபில் கிருமி ஏறியிருப்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அவரே ஏற்றுவதை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார். எம்டி படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், குடலை விட ஈரல்தான் இந்தக் குழந்தைகளைக் கொண்டுபோகும். சோயா எண்ணெய்க் கொழுப்பை மாதக்கணக்கில் ஏற்றினால் மஞ்சள் காமாலை முற்றி ஈரல் கெடும். மீன் எண்ணெயில் செய்த கொழுப்பு வந்த பிறகு பல குழந்தைகள் தப்பின. அமெரிக்காவில் அதற்கு 2018இல் அனுமதி கிடைத்தது. குடலை வளரவைக்கிற டெடுக்ளுடைட் ஊசிக்கும் 2019இல் அங்கே குழந்தைகளுக்கு அனுமதி வந்துவிட்டது. விலையைக் கேட்டால் தோட்டத்தை விற்றாலும் பத்தாது.

இடையில் ஒரு கூத்து. நன்றாக ஏறிக்கொண்டிருந்த எடை திடீரென்று நின்றுவிட்டது. சிறுநீரில் சோடியம் பார்த்தால் சுத்தமாக இல்லை. விசாரித்தால் அம்முச்சி (அம்மாவின் அம்மா) நாங்கள் குடிக்கக் கொடுத்த ஓஆர்எஸ் உப்புக்கரைசலைக் கீழே ஊற்றிவிட்டு இளநீர் கொடுத்திருக்கிறார், "உப்புத்தண்ணிய எப்படிங் கொழந்த குடிக்கும்?" என்று. இளநீரில் சோடியம் ரொம்பக் குறைவு. உப்பு இல்லாமல் இவன் வளரமாட்டான் என்று அம்முச்சிக்குப் புரியவைக்க அரை நாள் ஆனது.

அதே அம்முச்சிதான் அவனைச் சாப்பிடவும் வைத்தார். பிறந்ததிலிருந்து வாயில் எதுவும் சரியாகப் போகாத குழந்தைகள் ஸ்பூனைப் பார்த்தாலே அலறும். இவர் ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரிசிம்பருப்பு சாதத்தைக் குழையப் பிசைந்து, விரல் நுனியில் தொட்டு உதட்டில் தடவி விளையாட்டுக் காட்டினார். 4 மாதம்.

போன மாதம் ட்யூபை எடுத்தோம். பையனுக்கு 4 வயது. மருந்து, அடுத்த செக்கப் எல்லாம் விளக்கி முடித்துவிட்டு, வேற ஏதாவது கேட்கணுமா என்றேன். அம்மா பேசாமல் இருந்தார். ட்யூப் நனையக்கூடாது என்று இத்தனை வருஷம் ஈரத்துணியால் துடைத்துத்தான் விட்டிருக்கிறார்கள். அப்பாதான் கேட்டார்: "கொடிவேரி டேமுக்குக் கூட்டிட்டுப் போயி தண்ணில உடலாங்களா சார்?"

காயம் ஆற இரண்டு வாரம் போகட்டும் என்றேன்.