ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு சட்டை

"துணி ஒட்டியிருக்கிறது அம்மா, இப்படியே எடுக்க மாட்டோம்."

இவ்வளவுதான் சொன்னார் பழைய இரும்புக்கடைக்காரர். சுருட்டி, கயிறு கட்டி, ஆட்டோக்காரரின் முணுமுணுப்பையெல்லாம் வழிநெடுகக் கேட்டுக்கொண்டு நான் கொண்டுபோய் இறக்கிய பழைய மெத்தையின் ஸ்பிரிங் கூட்டைக் காலால் ஒருமுறை எத்திப் பார்த்தார். தீர்ப்பு வந்துவிட்டது. அவர் கடையில் சக்கரம் இல்லாத சைக்கிள் கிடக்கிறது. கதவு இல்லாத பீரோ கிடக்கிறது. மண்ணோடு பிடுங்கிய கைப்பம்பு கிடக்கிறது. அவற்றுக்கெல்லாம் இல்லாத ஆசாரம் என் மெத்தைக்கு மட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், பால்கனியிலோ மொட்டை மாடியிலோ சுவரில் சாய்ந்தபடி. எனக்குத் தெரியும்.

புது மெத்தை விற்ற கடையில் 'எக்ஸ்சேஞ்ச்' என்று கதவளவுக்கு எழுதி வைத்திருந்தார்கள். புதியதைக் கொண்டுவந்து போட்ட பையன்களிடம் பழையதைக் காட்டினேன். "எக்ஸ்சேஞ்ச் என்பது விலையில்தான் மேடம், பொருளில் இல்லை" என்றான் ஒருவன். என்ன ஒரு வேதாந்தம்! ஆதிசங்கரர் கேட்டிருந்தால் அங்கேயே சீடனாகச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

குப்பை வண்டி வந்தது. தூய்மைப் பணியாளர் அக்கா என் மெத்தையையும் தன் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதை ஏற்றினால் மற்ற வீட்டுக் குப்பையை அவர் தலையிலா சுமப்பார்? சரி, மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைக்கலாம் என்றால், அரை மணி நேரத்தில் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. யார் பெயரையும் போட மாட்டார்களாம், அவ்வளவு நாகரிகம். என் வீட்டுக் கதவெண் மட்டும் படத்தின் நடுவில் பளிச்சென்று தெரிந்தது.

விதி என்னதான் சொல்கிறது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளை எடுத்துப் பார்த்தேன். தெருவில் எறியக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, சாக்கடையிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது. நியாயம்தான். உள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரை. கொளுத்தினால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். தின்னக் கூடாது என்று மட்டும் எழுதவில்லை. ஒருவேளை அதுதான் வழியோ என்னவோ.

ஆகவே பிரித்தேன்.

பக்கவாட்டில் ஒரு ஜிப் இருந்தது. இழுக்கப் பிடி இல்லாத ஜிப். குண்டூசியை விட்டு நெம்பி இழுத்தால் இரண்டு மூலைவரை வந்து அங்கே செத்துவிட்டது. மீதிப் பக்கங்களில் பட்டி வைத்துத் தைத்த தையல், பிளேடு வைத்தால் பிளேடுதான் மழுங்குகிறது. மேலுறை கழன்றதும் மெல்லிய நுரை. அதன் கீழே கெட்டியாக ஒரு அடுக்கு, இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துண்டு துண்டாக. வெட்டி மிஞ்சிய நுரைத் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது அது. அதாவது கழிவு மெத்தைக்கு உள்ளே போக அருமையாக வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே வரத்தான் வழி இல்லை. அந்த அடுக்கும் ஸ்பிரிங்கோடு பசையால் பிணைந்திருந்தது. பிய்த்தால் பாதி கையோடு வந்தது, பாதி அங்கேயே நின்றது. நுரைத்தூள் மூக்கில், முடியில், மோர்க் கிண்ணத்தில்.

இத்தனைக்கும் பிறகுதான் அந்த இரும்புக்கடை, அந்தத் துணி, அந்தக் கால் எத்தல்.

துணி ஏன் வந்தது தெரியுமா? பொனல் ஸ்பிரிங் என்கிற சாதா வகையாக இருந்தால் கம்பியோடு கம்பி பின்னிக் கிடக்கும். மேலே ஒட்டியதைப் பிய்த்துவிட்டால் இரும்புக்கடைக்காரர் வாய் திறக்காமல் தராசில் வைப்பார். நாங்கள் வாங்கியதோ பாக்கெட் ஸ்பிரிங். கூடுதல் விலை. ஒவ்வொரு சுருளுக்கும் தனித்தனியாக ஒரு சட்டை, ஜவுளிக்கடைப் பை செய்கிற அதே நெய்யாத துணியில். "நீங்கள் புரண்டால் சாருக்குத் தெரியவே தெரியாது மேடம்" என்று அன்று விற்பனையாளர் சொன்னார். சத்தியமான வார்த்தை. இன்று மதியம் முழுவதும் நான் பால்கனித் தரையில் கம்பியோடு புரண்டேன், உள்ளே படுத்திருந்தவருக்குத் தெரியவே இல்லை.

நூற்றுக்கணக்கான சட்டைகள். அந்தச் சுருள்கள் சும்மா இருப்பதில்லை. பையின் உயரம் குறைவு என்பதால் அழுத்தித்தான் உள்ளே அடைத்திருக்கிறார்கள். நுனியைக் கத்தரித்தவுடன் இத்தனை வருட ஆத்திரத்தையும் சேர்த்துக்கொண்டு எகிறுகிறது. ஒன்று பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் விழுந்தது. ஒன்று என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. முழங்காலால் அழுத்திக்கொண்டு வெட்டினால் முழங்காலுக்கு அடியிலிருந்தே உதைக்கிறது. தூக்கம் கலைந்து வந்த என் கணவர் கதவோரத்தில் நின்று, "கத்தரியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாரேன்" என்றார். கத்தரியை நீட்டினேன். அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிட்டது.

அத்தை ஊஞ்சலில் இருந்தபடி, "எங்கள் காலத்தில் இலவம் பஞ்சு மெத்தை" என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத பேச்சு. ஆனால் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது சரி. தேனி மாவட்டத்துப் போடி, வருசநாட்டுப் பக்கத்துப் பஞ்சு. அமுங்கிப் போனால் உறையைப் பிரித்து வெயிலில் கொட்டிக் குச்சியால் தட்டினால் மறுபடி பொங்கும். உறை கிழிந்தால் அது அடுப்படிக் கரித்துணி. பருத்தி மெத்தை என்றால் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சடிப்பவர் தெருவுக்கே வருவார். இப்போது தெருவுக்கு வருபவரெல்லாம் விற்கத்தான் வருகிறார்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 2013இலேயே பழைய மெத்தைக்கென்று சட்டம் போட்டது. அதே ஆண்டில் ரோட் ஐலண்டும் கலிபோர்னியாவும் போட்டன. புது மெத்தை வாங்கும்போதே பில்லில் ஒரு சிறு கட்டணம். பழையதை வாங்கிப் பிரித்து இரும்பை ஒரு பக்கமும் நுரையை ஒரு பக்கமும் அனுப்புவது அந்தப் பணத்தில் நடக்கிறது. நம் நாட்டிலும் பேட்டரிக்கும் டயருக்கும் 2022இல் தயாரித்தவரே பொறுப்பு என்று விதி வந்துவிட்டது. மெத்தை மட்டும் செய்தவருக்கும் வேண்டாம், விற்றவருக்கும் வேண்டாம். கொடுங்கள் அந்தக் கட்டணத்தை, நான் இரண்டு மடங்காகக் கட்டுகிறேன். என் முழங்காலை மட்டும் விட்டுவிடுங்கள்.

மாலையில் ஒருவழியாகச் சட்டை கழற்றிய சுருள்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனேன். கிலோ 22 ரூபாய். வந்த பணம் ஆட்டோவுக்குப் போதவில்லை. "அடுத்த முறை இப்படியே சுத்தமாகக் கொண்டு வாருங்கள் அம்மா" என்றார் கடைக்காரர். அடுத்த முறையாம்!

நுரை மூட்டைகள் இன்னும் வீட்டில்தான். கீழ்வீட்டு நாய்க்குப் படுக்கை செய்யலாம் என்று ஒரு துண்டு கேட்டார்கள், பெருந்தன்மையோடு பெரிதாகவே வெட்டிக் கொடுத்தேன். நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு வெறும் தரையில் போய்ப் படுத்துக்கொண்டதாம்.

இந்த லட்சணத்தில் கைப்பேசியில் மெத்தைக்கடையின் செய்தி: உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்? இது ஒரு தனி வியாதி. பல் பிடுங்கிக்கொண்டு வந்தால் வாய் மரத்துக் கிடக்கும்போதே நட்சத்திரம் கேட்கிறார்கள். வங்கியில் ஒரு மணி நேரம் நிற்கவைத்து, சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டு அதற்கும் நட்சத்திரம் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்று போட்டால் விடுகிறார்களா? ஏன் குறைவு என்று ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் விளக்க வேண்டுமாம். உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். பெட்டியில் இடம் போதவில்லை.