போன் நம்முடையது, எண் நம்முடையதல்ல

ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதை ஏதோ சிம் மாற்றுவதைப் போல, நான் படித்த ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். போன் என்னுடையதுதானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

என் மைத்துனர் ஒரு பழைய போனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். *#06# அழுத்தினால் திரையில் ஓர் ஐஎம்இஐ எண், பெட்டியில் ஒட்டிய சீட்டில் வேறோர் எண். கேட்டதற்கு, "மதர்போர்டு மாற்றியது" என்றார் கடைக்காரர். (மாற்றியிருந்தால் ரசீது எங்கே?) நல்லவேளை, மீதிப் பணம் கைமாறவில்லை.

வாங்கும் முன்பே கேஒய்எம் (KYM) என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். எந்த நிறுவனம், எந்த மாடல் என்பது வந்துவிடும். தொலைந்த போனை, போலீஸ் புகார் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்கலாம். கிடைத்ததும் அங்கேயே விடுவித்துக்கொள்ளலாம். மென்பொருள் ஏற்றும்போது எண் அழிந்துபோனால் நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். தெருமுனையில் கணினியோடு உட்கார்ந்திருப்பவர் ஏற்றித் தரும் எண் எவருடைய போனுடையதோ! அது திருட்டு வழக்கில் இருந்தால் போலீஸ் தட்டுவது உங்கள் கதவை.