இரண்டு மதத்து வீட்டுப் பிள்ளைக்கு "எல்லா சாமியும் ஒண்ணுதான்" போதாது

இந்து, கத்தோலிக்கப் பெற்றோரின் பிள்ளை எதைக் கேட்டாலும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "எல்லா சாமியும் ஒண்ணுதான் கண்ணு." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்த பிள்ளையால்தான் இரண்டையும் தனதாக்கிக்கொள்ள முடியும்.

நெற்றிச் சாம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநீறு பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுப்பது. மூன்று விரலால் மூன்று கீற்றாகத் தினமும் நாமே இட்டுக்கொள்வது. கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பங்குச் சாமியார் நெற்றியில் சிலுவையாக இடுவது, முந்தைய ஆண்டு குருத்தோலையை எரித்த சாம்பல். ஒன்று சிவனருளின் அடையாளம், மற்றது மனம் திரும்பச் சொல்லும் அழைப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கே இது புரியும்.

நோன்பிலும் அப்படித்தான். கத்தோலிக்க முறைப்படி சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயதிலிருந்து; ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, 18 முதல் 59 வரை. எட்டு வயதுப் பிள்ளையை அப்பத்தா புரட்டாசிச் சனிக்கும் அம்மாச்சி பெரிய வெள்ளிக்கும் பட்டினி போட வேண்டியதே இல்லை.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாத பிள்ளை தேவாலயப் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க வரிசையில் நிற்கக் கூடாது. அங்கே போய் திருப்பி அனுப்பப்பட்டால் பிள்ளை கூனிக்குறுகிப் போகும், வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். படையலில் வைத்ததைச் சாப்பிடாத சொந்தங்கள், குறிப்பாக பெந்தெகொஸ்தே வீட்டார், வருவதாக இருந்தால் படைப்பதற்கு முன்பே அவர்களுக்கான பொங்கலைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வையுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே பேச வேண்டியது ஒன்று உண்டு. தேவாலயத்தில் கல்யாணம் என்றால், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதை எல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்கிறது. இந்துத் தரப்பு வாக்குக் கொடுக்கத் தேவையில்லை, அதை அறிந்திருந்தால் போதும். அந்த 'அறிந்திருப்பது' பெயருக்கு நடந்து, முதல் குழந்தை பிறந்ததும் இரு வீட்டுக்கும் சண்டை வெடிக்கிறது.

இதில் சாதிச் சான்றிதழும் மாட்டிக்கொள்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பிந்தைய திருத்தங்களும் சொல்வதன்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட முடியும். புதுச்சேரியில் இந்து அப்பாவுக்கும் கிறிஸ்தவ அம்மாவுக்கும் பிறந்த ஒரு பெண், தான் இந்து என்று சொல்லி அந்தச் சான்றிதழ் கேட்டார். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தையும் தொடர்ந்து தேவாலயம் போவதையும் காட்டி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மதம் மாறினால் ஊர் சாதியை மறந்துவிடுகிறதா? பெற்றோர் இருவரின் வழிபாட்டையும் நேசிக்கும் பிள்ளையிடம் ஒன்றை விட்டுவிடு என்று சட்டம் கேட்பது அநியாயம் என்றே சொல்வேன். ஆனாலும் சட்டம் இன்று இதுதான், தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சாவைப் பற்றிப் பேசத்தான் எல்லோரும் தயங்குகிறோம். இறந்த கத்தோலிக்கரின் உடலை எரிக்க 1963 முதல் திருச்சபை அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைக்கக் கூடாது என்று 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொல்லிவிட்டது. அம்மாவின் அஸ்தியைக் காவிரியில் கரைக்க நினைக்கும் மகனும், கல்லறைத் தோட்டம்தான் என்று நிற்கும் தாய்மாமனும் துக்க வீட்டில் முட்டிக்கொள்வது கொடுமை. புதைப்பதா எரிப்பதா, எந்த இடம், திருமுழுக்கு பெற்ற மகன் இந்து அப்பாவுக்குக் கொள்ளி வைப்பானா என்பதை அப்பாவும் அம்மாவும் தெம்பாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இரண்டு பக்கத்துச் சொந்தங்களிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.