75 டிகிரியாம்! எங்கிருந்து அளந்த 75?

மரப் பெஞ்சுக்கு வரைபடம் தயாரிக்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. "பெஞ்சுக் காலை 75 டிகிரியில் அறுக்கவும்" என்று கூசாமல் எழுதுகிறீர்களே, அந்த 75 தரையிலிருந்து அளந்ததா, பெஞ்சின் நடுக்கோட்டிலிருந்து அளந்ததா, ரம்ப இயந்திரத்தின் அளவுகோலில் படித்ததா? இயந்திரத்தில் நேர்வெட்டுக்குத்தான் பூஜ்யம். பெரும்பாலான இயந்திரங்கள் 50 டிகிரியை ஒட்டியே, அதற்குமேல் திரும்பாமல் நின்றுவிடும். ஆகவே 90-இலிருந்து 75-ஐக் கழித்து 15-இல் வைக்க வேண்டும் என்பதை வாசிக்கிறவரே ஊகித்துக்கொள்ள வேண்டுமாம். 75 என்றாலாவது இயந்திரம் திரும்ப மறுத்து எச்சரித்துவிடும். 48 என்று எழுதினால் பல இயந்திரங்கள் 48-க்கும் திரும்பும், 90-இலிருந்து அதைக் கழித்த 42-க்கும் திரும்பும். எது சரி என்பது மரம் வீணான பிறகே தெரியவரும்.

நீளத்தின் கதை இன்னும் மோசம். செங்குத்தாக 45 செ.மீ. உயரம் வேண்டுமானால், 15 டிகிரி சாய்ந்த கால் ஏறத்தாழ 46.6 செ.மீ. இருக்க வேண்டும். வரைபடத்தில் இருப்பதோ வெறும் "45". அது உயரமா, காலின் நீளமா என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. காலின் இரு முனை வெட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் அதன் இரு விளிம்புகளும் சம நீளமாகவாவது அமைகின்றன. இரு கால்களுக்கும் இடையே செல்லும் குறுக்குச் சட்டத்தில் வெட்டுகள் அதே 15 டிகிரியில் எதிரெதிராகச் சாய்வதால், 7 செ.மீ. அகலச் சட்டம் ஒன்றின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் 3.75 செ.மீ. வேறுபடும். அப்படியிருக்க, "குறுக்குச் சட்டம் 30 செ.மீ." என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது என்ன பொறுப்பு?

இருக்கைப் பலகையில் துளையிட்டுச் செருகும் உருண்டைக் கால்களுக்கு "குறுக்கே 10, நெடுக்கே 10 டிகிரி சாய்த்துத் துளையிடவும்" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது! துளைப்பானை ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் எப்படிப் பிடிப்பது? மூலைவிட்டத் திசையில் ஏறத்தாழ 14 டிகிரி சாய்க்க வேண்டும் என்ற ஒரு வரி போதுமே. (பத்தும் பத்தும் இருபது என்று கூட்டிச் சொன்ன மேதைகளும் உண்டு.)

ஒட்டுப்பலகையில் முழு அளவில் பக்கத்தோற்றத்தை வரைந்து, சாய்வுமட்டத்தால் (எந்தக் கோணத்தையும் அப்படியே பிடித்துவைக்கும் கருவி) கோணத்தை எடுத்துச் சட்டத்துக்கு மாற்றினால் எண்ணே தேவைப்படாது என்பது தச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். எண்தான் தருவேன் என்று அடம்பிடித்தால், அது எந்த இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் என்று ஒரு சிறு வளைகோடு போட்டுக் காட்டுங்கள்; அதற்குக்கூடவா சோம்பல்?