பத்து விரல் ரேகையும் 169 புள்ளியும்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்ற கவலை அக்காவுக்கு இப்போதே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்த யாரோ ஆசை காட்ட, மூவாயிரத்துச் சொச்சம் கட்டி, பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் எடுத்து, 'பிறவித் திறன்' ரிப்போர்ட் வாங்கியிருக்கிறாள். வழவழ தாளில் முப்பது பக்கத்துக்கு மேல். கலர் கலராக வட்டப் படம். இசை இவ்வளவு, மொழி இவ்வளவு என்று தசம புள்ளி வரை கணக்கு. கணிதத் தர்க்கம்தான் கடைசி.

"அவளுக்குக் கணக்கு வராதுன்னு மெஷினே சொல்லிடுச்சுடா" என்றாள் அக்கா.

இந்த ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் ஹோவர்ட் கார்ட்னர் பெயரைச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அறிவு ஒன்றல்ல, பல வகை என்று 1983-ல் எழுதிய அமெரிக்க உளவியலாளர். முதலில் ஏழு வகை சொன்னார், பிறகு இயற்கையை அறியும் திறனையும் சேர்த்தார். அவர் சொன்னதையே ஏற்காத உளவியலாளர்கள் நிறைய உண்டு, அது வேறு சண்டை. ஆனால் அதை விரல் ரேகையில் படிக்கலாம் என்பது அவர் கோட்பாட்டில் இல்லை. ரேகை, கருவின் ஐந்தாம் மாத வாக்கில் முடிவாகிவிடும் தோல் வரி. ஒரே கருவில் பிறந்த அச்சு அசலான இரட்டையருக்கே அது வேறு வேறு. அதில் அல்ஜீப்ரா எங்கே இருக்கிறது?

சரி, கதைக்கு வருகிறேன். போன மார்கழியில் அக்கா வீட்டில் இருந்தேன். விடிகாலையில் பிள்ளை வாசலில் 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்காமல், "மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேட்டேன். கோலமாவு டப்பாவைக் கீழே வைக்காமலேயே "169 மாமா" என்றாள்.

நான் வரிசை வரிசையாகக் கூட்டினேன். நடுவில் 15, மேலே 14-லிருந்து 8 வரை, கீழேயும் அதே. சரியாக 169. எப்படிச் சொன்னாய் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நடுவுல ஒண்ணு. அதைச் சுத்தி ஆறு. அடுத்த சுத்து பன்னெண்டு. அப்புறம் பதினெட்டு. அப்படியே ஏழு சுத்து."

நான் வரிசையாகப் பார்த்ததை அவள் வளையமாகப் பார்த்திருக்கிறாள். ஒன்றிலிருந்து ஏழு வரை கூட்டினால் 28, ஆறால் பெருக்கினால் 168, நடுப்புள்ளி ஒன்று. பத்தாம் வகுப்பில் வரப்போகும் தொடர் கூட்டல் இது. பாட்டியோடு ஐந்து வயதிலிருந்து வாசலில் குந்தியவளுக்கு அது பாடமாகவே தெரியவில்லை. இது பிறவியா பழக்கமா என்று கேட்டால், பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்த கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் எழுபதுகளிலேயே நம் வாசல் கோலங்களை வைத்துக் கணினி அறிவியலுக்கான இலக்கணம், அதாவது படத்தை உருவாக்கும் விதிகள், எழுதினார்கள். கோலம் கணக்குதான்.

பிறகு ஏன் கணக்குப் பரீட்சையில் 41 மார்க்? விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். பாதிக் கணக்குக்கு விடை சரி, வழி எழுதவில்லை. மீதியில் நிஜமாகவே தப்பு, மைனஸ் குறி அவளுக்கு எமன். இதற்குத் தேவை பக்கத்தில் உட்கார்ந்து 'எப்படிப் போட்டாய்' என்று கேட்கும் ஓர் ஆள். அந்த மூவாயிரத்துக்கு நாலு மாசம் டியூஷன் வைத்திருக்கலாம் என்றேன். அக்கா முறைத்தாள்.

நாம் 'வரும்', 'வராது' என்றே பேசிப் பழகிவிட்டோம், பாட்டு வராது, கணக்கு வராது என்று. ஏதோ பஸ் மாதிரி.

அவள் மேத்ஸ் குரூப் எடுப்பாளா, எனக்குத் தெரியாது. அவளுக்கே இன்னும் தெரியாது. இந்தப் பொங்கலுக்கு 21 புள்ளி, 11 வரை. வைத்து முடித்ததும் "331" என்றாள். விடுவேனா? குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். 330.

"படிக்கட்டு ஓரத்துல ஒண்ணை மிதிச்சுட்டு நிக்கிறீங்க மாமா."