இரண்டாம் குரோமோசோமில் இருக்கும் ஒட்டு

பரிணாமம் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது அந்தப் படம்தான்: கூன் விழுந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து கடைசியில் மனிதனாக நடந்து போகும் வரிசை. அது பரிணாமத்துக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல என்பது என் உறுதியான கருத்து. "அப்படியானால் இப்போதுள்ள குரங்குகள் ஏன் மனிதனாகவில்லை?" என்ற கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது. 2018ஆம் ஆண்டு மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணையமைச்சரே, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்று பேசினார்.

யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. தடயம் நம் செல்லுக்குள் இருக்கிறது. கொஞ்ச காலமாக மரபணுச் சான்றுகளைப் பற்றியே தேடித் தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க, இதையல்லவா முதலில் சொல்லித்தந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் கூடிக்கொண்டே போகிறது.

செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கி நிற்கும் டிஎன்ஏ இழைகள்தான் குரோமோசோம்கள். மனிதனுக்கு அவை 46. சிம்பன்ஸி, கொரில்லா, ஒராங்உட்டான் மூன்றுக்கும் 48. நமக்கும் அவற்றுக்கும் மூதாதை ஒன்றுதான் என்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? முழுதாகத் தொலைந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்காது; அதில் அத்தனை மரபணுக்கள் இருக்கும். ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். 1982இல் யூனிஸ், பிரகாஷ் என்ற இரு ஆய்வாளர்கள் குரோமோசோம்களின் வரிப்பட்டைகளை ஒப்பிட்டு, நம் இரண்டாம் குரோமோசோம் அப்படி ஒட்டி உருவானதுதான் என்றார்கள். 1991இல் ஒட்டிய இடத்தின் டிஎன்ஏ எழுத்துகளே வாசிக்கப்பட்டுவிட்டன.

அந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு குரோமோசோமின் முனையிலும் டீலோமியர் என்ற காப்புப் பகுதி உண்டு. 'டிடிஏஜிஜிஜி' என்ற ஆறெழுத்துத் தொடர் அங்கே திரும்பத் திரும்ப வரும். முனையில் இருக்க வேண்டிய அந்தத் தொடர், இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில் வருகிறது. வந்து, ஓரிடத்தில் சட்டென்று 'சிசிசிடிஏஏ' என்று எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. இரண்டு முனைகள் நேருக்கு நேர் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே. போதாததற்கு, சென்ட்ரோமியர் என்பது செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவும் பகுதி, ஒரு குரோமோசோமுக்கு ஒன்றுதான்; செயலிழந்துபோன இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் அதே குரோமோசோமில் கிடக்கிறது. ஒட்டு இருந்தாக வேண்டும் என்று கோட்பாடு முதலில் சொன்னது. ஒட்டு பிறகு கிடைத்தது. இந்த முன்பின் வரிசைதான் என்னை உலுக்கியது.

அடுத்தது வைட்டமின் சி. ஆடு, மாடு, நாய் எல்லாம் தமக்கு வேண்டியதைத் தம் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டும். இல்லாவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகள் கொத்துக்கொத்தாக மடிந்தது இந்த நோயால்தான். தயாரிப்பின் கடைசிப் படிக்கு வேண்டிய நொதியை உண்டாக்கும் மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. சிம்பன்ஸியிடமும் அப்படித்தான். நம் கோயில் வாசலில் தேங்காய்மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கிடமும் அப்படித்தான். தேவாங்கு வகையிலோ அது இன்னும் வேலை செய்கிறது. அந்தக் கிளை முன்னதாகவே பிரிந்துவிட்டது. கினிப் பன்றிக்கும் இந்த மரபணு கெட்டிருக்கிறது என்றாலும் கெட்ட விதம் வேறு. அது தனியே நடந்த விபத்து.

"படைத்தவன் ஒருவனே, அதனால் படைப்புகள் ஒத்திருக்கின்றன" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நன்றாக வேலை செய்யும் உறுப்புகளுக்கு அந்த விளக்கம் பொருந்துவதாகவே வைத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் இருக்கும் ஒரே மாதிரியான பழுதுக்கு என்ன சொல்வது? ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் பழக்கமானது. இரண்டு ஏடுகளில் அதே அடியில் அதே பிழையும் அதே சிதைவும் தொடர்ந்து வந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டின் வழி வந்தவை என்று கொள்வார்கள். சரியான பாடம் ஒத்துப்போவதைவிடப் பிழை ஒத்துப்போவதே அங்கு வலுவான சாட்சி.

இன்னும் இருக்கிறது. நம் டிஎன்ஏவில் ஏறத்தாழ 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்கள், அதாவது தொற்றிய செல்லின் டிஎன்ஏவுக்குள் தம் மரபுச்செய்தியைச் செருகிவிடும் வைரஸ்கள், விட்டுச்சென்ற எச்சம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிம்பன்ஸியிலும் அதே இடங்களில் பதிந்திருக்கின்றன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

2023இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேறு வாய்ப்பே கிடைக்காமல் போகும். ஆனால் பாடம் இருந்தால் மட்டும் போதாது. புதைபடிவங்களோடும் அமைப்பொத்த உறுப்புகளோடும் இந்த ஒட்டும் இந்தப் பழுதும் அதில் இடம்பெற வேண்டும். குரோமோசோம் என்றால் என்னவென்று அந்த வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வைட்டமின் சி அதற்கும் முன்பே தெரியும். இரண்டையும் ஒரே பாடவேளையில் சொல்லிவிடலாம். அறிவியல் ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் ஒருமுறை முயன்று பாருங்கள். பிள்ளைகள் என்னென்ன கேட்டார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.