மரம் வளர்ந்தால் மண் அணை பலமாகாது

"மண் அணைக் கரையில் மரம் நட்டால் வேர் மண்ணை இறுகப் பிடிக்கும், அணை பலமாகும்" என்று சொல்வது சரியில்லை. மலைச்சரிவுக்கு அது பொருந்தலாம். ஒரு பக்கம் தண்ணீர் முட்டி நிற்கும் கரைக்குப் பொருந்தாது. மரம் பட்டுப்போனால் வேர் உள்ளேயே மக்கி, குழாய் மாதிரி வழி விடும்; அதில் தண்ணீர் புகுந்து மண்ணை அரிக்கும். அப்புறம், புதர் மண்டினால் எலி வளையும் ஈரத் திட்டும் கண்ணில் படாது.

படகு விடும் சின்ன ஏரிதானே என்றும் விட முடியாது. 1977இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உடைந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணையும் கடைசியில் பொழுதுபோக்கு ஏரிக்காக இருந்ததுதான்; 39 பேர் இறந்தார்கள்.

கரைக்குக் குட்டைப் புல் போதும். ஏற்கெனவே வளர்ந்த பெரிய மரத்தை மட்டும் பொறியாளரைக் கேட்காமல் வெட்டாதீர்கள். வெட்டினாலும் மண்ணுக்குள் விட்ட வேர் மக்கத்தான் செய்யும்.